யார் வைத்த பெயர், யார் கூப்பிடுகிற பெயர்: மேலூர்ப் பக்கத்து நாவல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேலூருக்கும் அழகர்கோவிலுக்கும் இடையே, பெரியாறு கால்வாயின் கடைமடையில் இருக்கிற ஒரு ஊர்தான் நாவலின் களம். கதை 1939-இல் தொடங்கி 1996 வரை போகிறது. ஒரு கூலி விவசாயக் குடும்பம், அவர்களுடைய அரை ஏக்கர் நிலம், அந்த நிலம் தன்னுடையது என்று சொல்கிற பெரிய வீடு. எழுதியவர் அந்தப் பகுதியிலேயே அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிற ஆசிரியை. அச்சுக்குப் போகும் முன் பிரதியைப் படித்துச் செம்மைப்படுத்தும் வேலை என்னுடையது. அவர் என்னை ‘சார்’ என்பார், நான் ‘டீச்சர்’ என்பேன். எது மாறியது, ஏன் மாறியது என்பதை எழுதி வைத்தால் நாவல் எழுத உட்காருகிற வேறு யாருக்காவது உதவும் என்று அவரே சொன்னதால் இதை எழுதுகிறேன்.

முதல் பிரதியில் நிலம் நன்றாக வந்திருந்தது. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா சேராதா என்று வரப்பில் உட்கார்ந்து பார்க்கிற பதைப்பு பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ஆட்கள்தான் அந்த மண்ணில் ஒட்டவில்லை. கூலி விவசாயியின் பெயர் இளமாறன். மனைவி யாழினி. பெரிய வீட்டுக்காக அடிதடிக்குப் போகிறவன் பெயர் கருப்பசாமி. பள்ளிக்கூட வாத்தியார் அந்தோணி, டீக்கடைக்காரர் அப்துல்லா. நடுநடுவே வெள்ளைப் புறா பறந்தது, பவுர்ணமி நிலா வந்தது, பித்தளைப் பெட்டியில் ஒரு சிலம்பு இருந்தது, கல்யாணத்தில் மல்லிகை மணந்தது. எல்லாம் எங்கேயோ பார்த்தவை.

பெயர்களில் இருந்த சிக்கல்

இளமாறன், யாழினி இரண்டும் நல்ல பெயர்கள். 1930-களில் மேலூர்ப் பக்கம் ஒரு கூலி வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயரை யார் வைத்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி. தனித்தமிழ் இயக்கத்தை மறைமலையடிகள் தொடங்கியது 1916-இல். ஆனாலும் அந்த மாதிரிப் பெயர்கள் முதலில் படித்த பெரியவர்கள் தாங்களாகவே மாற்றிக்கொண்டவை. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கே அப்படிப் பெயர் வைக்கும் பழக்கம் கிராமத்துக்கு வந்து சேரக் கட்சி வர வேண்டியிருந்தது, படிப்பகம் வர வேண்டியிருந்தது, அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்காட்ட ஒரு வாத்தியார் வர வேண்டியிருந்தது.

இதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. பிரதியில் நல்லவர்களுக்கெல்லாம் புலவர் பெயர், அடியாளுக்கு மட்டும் கருப்பசாமி. டீச்சருக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. சினிமாவும் தொடர்கதையும் பழக்கிவிட்ட கை அப்படியே எழுதிவிட்டது. கருப்பு, முனியாண்டி, சோணை, பாண்டி, விருமாண்டி, இருளாயி, பேச்சி: மதுரையைச் சுற்றி வயலில் நாற்று நட்டவர்கள், மில்லில் ஷிப்ட் பார்த்தவர்கள், மூட்டை தூக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் பெயர்கள் இவை. குலசாமியின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் பேரப்பிள்ளைக்கு இறக்கி வைத்த வீடுகள் இவை. அந்தப் பெயர் கதையில் வந்தாலே ரவுடி அல்லது வேலைக்காரன் என்று வாசகரைப் பழக்குவது அந்த வீடுகளுக்குச் செய்கிற அநியாயம். நாவல் எழுதுகிறவர் இதில் கவனமாக இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதனால் பெயர்ப் பட்டியல் எதையும் தேடிப் போவதற்கு முன் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டோம். கதைக்குள் இந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தது யார்? இந்தப் பெயரைச் சொல்லி இவரைக் கூப்பிடக்கூடியவர் யார் யார்? நாவலில் பின்னால் நடந்த மாற்றங்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலிருந்து வந்தவை.

மொய் நோட்டு

அந்தக் காலத்துப் பெயர் வேண்டும் என்றால் எங்கே பார்ப்பது? வாக்காளர் பட்டியல் நல்ல இடம். வயது, தந்தை அல்லது கணவர் பெயர், தெரு எல்லாம் இருக்கும். வயதை வைத்துப் பிரித்தால் எந்தத் தலைமுறையில் எந்தப் பெயர் நின்றுபோனது, எது புதிதாக வந்தது என்று தெரிந்துவிடும். பழைய கிரயப் பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று இரண்டு தலைமுறை சேர்ந்து கிடைக்கும். கோயிலில் உபயதாரர் பெயர் எழுதிய கல், டியூப் லைட், கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்மார் வரிசை, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி எல்லாமே உதவும்.

எங்களுக்கு அதிகம் கொடுத்தது ஒரு மொய் நோட்டு. டீச்சரின் உறவினர் வீட்டுப் பரணில் இருந்தது. நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலைகளில் தடவிய மஞ்சள் பழுப்பாகியிருந்தது. வரிக்கு ஒருவர். முதலில் ஊர், அப்புறம் பெயர், கடைசியில் தொகை. ரூபாய் இரண்டு, ரூபாய் ஐந்து, சிலருக்கு நேரே படி அரிசி. ஒரே ஊரில் நாலு சோணை இருந்தால் எழுதுகிறவர் பிரித்துக் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிச் செய்யும்போது குழப்பம் வரும். அதனால் ‘கிணத்தடி சோணை’, ‘வண்டிக்கார சோணை’, ‘கட்டைச் சோணை’ என்று எழுதியிருந்தார்கள். பெண்கள் பெயர் அபூர்வம். வந்த இடத்திலும் ‘இன்னார் சம்சாரம்’ என்றுதான் இருந்தது.

இந்த நோட்டு ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்தது. குலசாமி ஒன்று என்றால் குடும்பத்தில் பாதிப்பேருக்கு ஒரே பெயர் வருவதுதான் நடப்பு. நாவலிலோ கருப்பணன் (இளமாறனுக்கு வைத்த புதுப் பெயர்), கருப்பாயி, கருப்பையா மூவரும் ஒரே பக்கத்தில் வந்தால் வாசகர் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். டீச்சர் முதலில் நினைத்தது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தொடர்பில்லாத பெயர்களாக்கிவிடலாம் என்று. அது வேண்டாம் என்று முடிவானது. ஊர்க்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழியே போதும். கருப்பையா நாவல் முழுக்க ‘வண்டிக்காரர்’ ஆனார். கருப்பாயி ‘பெரியாத்தா’ ஆனார். கருப்பணன் மட்டும் கருப்பணனாகவே நின்றார்.

பட்டியலிலிருந்தும் நோட்டிலிருந்தும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒருவருடைய பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் சேர்த்து அப்படியே கதைக்குள் வைக்கக் கூடாது. அந்த ஊரில் அவருடைய பேத்தி இந்த நாவலைப் படிப்பாள்.

யாழினி மீனாட்சி ஆன கதை

கருப்பணனின் மனைவிக்கு என்ன பெயர்? மீனாட்சி என்று நான் சொன்னதும் டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். மதுரைக் கதை என்றால் மீனாட்சியா, எத்தனை பேர் வைத்துவிட்டார்கள் என்றார். நியாயமான தயக்கம்தான். பிறகு அந்தப் பெண் பிறந்த வருடத்தைப் பார்த்தோம். நாவலில் அவள் பிறப்பது 1939 ஆவணி.

1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில், கோயிலுக்குள் விடப்படாமல் இருந்த மக்கள் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் கக்கன். அவர் மேலூர் பக்கத்தில் தும்பைப்பட்டிக்காரர். பின்னாளில் சென்னை மாநில அமைச்சராக இருந்தவர். அடுத்த மாதம் மேலூர்ப் பக்கம், அதே மக்களின் தெருவில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. வண்டியோட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்வருகிற தகப்பன் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டிருக்கிறான். குலசாமி பெயர் வைக்க வேண்டும் என்று பாட்டி நிற்க, இவன் மீனாட்சி என்று வைக்கிறான்.

இது நாவலுக்குள் டீச்சர் கற்பனை செய்தது. ஆனால் அதுவரை சலித்துப்போய்க் கிடந்த பெயருக்கு, வைத்தவன் யார், எந்த மாதம் வைத்தான் என்று தெரிந்தவுடன் உயிர் வந்துவிட்டது. வைத்த பெயரை ஊர் கூப்பிட வேண்டுமே என்பது அடுத்த சிக்கல். பெரிய வீட்டில் பாட்டியம்மாவுக்கும் மீனாட்சிதான் பெயர். அந்த வீட்டு வாசலில் நெல் புடைக்கிற பெண்ணை அதே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா? ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாவலின் முதல் நூறு பக்கங்களில் அவளுடைய முழுப்பெயரை அவள் தெருவைத் தாண்டி ஒருவரும் சொல்வதில்லை.

முதலில் சொல்கிறவர் 1962 தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலர். அங்கே வாக்காளர் பெயரை உரக்க வாசிக்க வேண்டும், முகவர்கள் தங்கள் பட்டியலில் சரிபார்ப்பார்கள். அப்போது வாக்குரிமை வயது 21. மீனாட்சிக்கு 22. பிரதியில் இப்போது இருக்கிற பகுதி இது:

“மீனாட்சி. கணவர் பெயர் கருப்பணன்” என்று மேசையிலிருந்து சத்தமாக வந்தது. வரிசையில் நின்ற பெரிய வீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நீதானாம்மா? புருஷன் பேரு என்னன்னு சொல்லு.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து வரிசையில் நின்ற கொழுந்தனைப் பார்த்தாள். “தம்பி, நீயே சொல்லிருப்பா.”

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு அன்றைக்குப் பல வீடுகளில் இருந்தது. சொந்தப் பெயரைக்கூட அந்நியரிடம் சொல்லாத பெண்கள் உண்டு. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்று மட்டும் சொல்லித் தன் பெயரைத் தர மறுத்த கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்களின் பதிவை நீக்கினார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது அது. இங்கே பெயரைக் கொடுத்துவிட்ட ஒருத்தி, புருஷன் பெயரிடம் வந்து நிற்கிறாள்.

முதல் பிரதியில் யாழினி பக்கத்துக்கு இரண்டு முறை இளமாறனைப் பெயர் சொல்லிப் பேசினாள். இப்போது மீனாட்சி ‘எங்க வீட்டு ஆளு’ என்கிறாள், ‘பெரியவன் அப்பா’ என்கிறாள். டீச்சர் இதில் ஒரு படி மேலே போனார். புருஷன் பெயரில் சாமி இருந்தால் அந்தச் சாமி பெயரையும் சொல்லாத பெண்கள் உண்டு என்பது அவருக்கு வீட்டிலேயே தெரிந்த விஷயம். அழகர்கோவிலில் காவல் நிற்கிற பதினெட்டாம்படி கருப்பணசாமிதான் அந்தக் குடும்பத்தின் சாமி. மீனாட்சி கும்பிடும்போதும் ‘படியான்’ என்றுதான் கும்பிட வேண்டும். இது நாவலின் முடிவு வரை இழுத்துக்கொண்டு போனது.

மற்ற பெயர்கள்

மூத்த மகன் 1960-இல் பிறக்கிறான். கக்கன் அப்போது அமைச்சர். தங்கள் பக்கத்துக்காரர் என்ற பெருமையில் கருப்பணன் பிள்ளைக்குக் கக்கன் என்றே பெயர் வைக்கிறான். 1967-இல் காங்கிரஸ் ஆட்சி போகிறது, கக்கனும் தோற்கிறார். அடுத்த வருடம் பிறக்கிற இளையவனுக்குப் பெயர் தமிழ்ச்செல்வன். வைத்தது அப்பா இல்லை, படிப்பகத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற சித்தப்பா. ஒரே வீட்டில் எட்டு வருட இடைவெளியில் இரண்டு பெயர். தமிழ்நாட்டு அரசியல் மாறியதை விளக்க டீச்சர் எழுதியிருந்த நாலு பக்கம் இதனால் தேவைப்படாமல் போனது. முதல் பிரதியின் யாழினியும் வீணாகவில்லை. தமிழ்ச்செல்வன் வாத்தியார் ஆகி 1993-இல் தன் மகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்.

பெரிய வீட்டுக்காரருக்கு நாவலில் பெயரே கிடையாது. முதல் பிரதியில் ஒரு கம்பீரமான பெயர் இருந்தது. ஆனால் கதை முழுக்கக் கருப்பணன் குடும்பம் இருக்கிற கிழக்குத் தெருவிலிருந்து சொல்லப்படுகிறது. அந்தத் தெருவில் யாரும் அவர் பெயரை வாயால் சொல்லிவிட முடியாது. ‘பெரிய வீட்டய்யா’, அவர் மகன் ‘சின்னய்யா’. புருஷன் பெயரைச் சொல்லாத அன்பும், ஆண்டை பெயரைச் சொல்ல முடியாத பயமும் ஒரே பெண்ணின் வாயில் இருப்பதை இது தானாகவே காட்டிவிட்டது. சாதிப் பெயரை நாவலில் எங்கும் எழுதக் கூடாது என்று டீச்சர் முன்பே முடிவு செய்திருந்தார். யார் யாரை ‘டா’ போடுகிறார்கள், யார் தன்னைவிட இளையவனை ‘அய்யா’ என்கிறார்கள் என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. இதையொட்டிக் கதைசொல்லியின் மரியாதையையும் சரிபார்த்தோம். அறுபது வயது கருப்பணன் ‘அவன்’, முப்பது வயது சின்னய்யா ‘அவர்’ என்று பிரதியில் இருந்தது. பாத்திரங்கள் பேசும்போது அப்படி இருக்கலாம். நாவலாசிரியர் தன் குரலில் அப்படிச் சொல்லலாமா? வயதுக்கு வந்தவர்கள் எல்லோரும் இப்போது ‘அவர்’.

அடியாள் கருப்பசாமி, சேகர் ஆனான். அமெரிக்க மிஷன் பள்ளி வாத்தியாரான அந்தோணி, சாமுவேல் ஆனார். 1834-இல் மதுரைக்கு வந்த அந்த மிஷன் புராட்டஸ்டண்டு சபை. அந்தோணி, சவரிமுத்து, சூசை, ஆரோக்கியம் எல்லாம் கத்தோலிக்க வீட்டுப் பெயர்கள். டீக்கடை அப்துல்லா, சிக்கந்தர் ராவுத்தர் ஆனார். திருப்பரங்குன்றம் மலைமேல் சிக்கந்தர் தர்கா இருக்கிற மதுரைப் பக்கம் அந்தப் பெயர் தானாகவே பொருந்தும். ஊர்க்காரர்களுக்கு அவர் ‘பாய்’.

இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. கருப்பணனின் தங்கை பெயர் அழகு என்று இருந்தது. அழகர்கோவில் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர்தான். ஆனால் நம் எழுத்தில் பெயரைத் தனித்துக் காட்ட வழி இல்லை. ‘வாசலில் அழகு நின்றது போல் இருந்தது’ என்று ஒரு வரி, அவளா, கோலமா? செல்வம், மலர், அன்பு, பொன் எல்லாவற்றுக்கும் இதே தொல்லை உண்டு. வேற்றுமை உருபு சேரும்போது இன்னும் மோசம். அழகு, அழகம்மாள் ஆனாள். ஒரு அத்தியாயத்தில் மட்டும் பெயர்களையே எடுத்துவிட்டோம். கக்கன் காதலிக்கிற அத்தியாயம் அது. அகப்பாடலில் தலைவன் தலைவி பெயரைச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம்: ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’. வகுப்பில் நடத்துகிற இலக்கணம் தன் நாவலுக்குள் வந்து உட்கார்ந்ததில் டீச்சருக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறியீடுகள்

குறியீட்டுக்கு நாங்கள் வைத்த சோதனை ஒன்றே ஒன்று. அந்தப் பொருளுக்குக் கதையில் ஒரு வேலை இருக்க வேண்டும். அர்த்தம் அப்புறம் வரட்டும். புறாவுக்கு வேலை இல்லை, நிலாவுக்கும் இல்லை. இரண்டும் போயின. தை மாதக் கல்யாணத்தில் மணப்பெண் தலைநிறைய வைத்திருந்த மல்லிகையும் போனது. பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறையும், முகூர்த்த நாளில் விலை எட்டாத உயரத்துக்குப் போகும். கூலி வீட்டுப் பெண் செவ்வந்தியும் கனகாம்பரமும் வைத்துக்கொண்டாள். மல்லிகை பெரிய வீட்டுப் பெண்கள் தலையில் மட்டும் இருந்தது.

சிலம்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. மதுரை, நீதி கேட்கிற பெண் என்றதும் சிலம்பு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்தக் காப்பியத்திலேயே சிலம்பு அழகுக்காக வைக்கப்பட்டதில்லை. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். கொற்கை முத்து பாண்டியர்களுடையது, அரண்மனைச் சிலம்பில் முத்துதான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் வழக்கே தீர்கிறது. அப்படியென்றால் மீனாட்சியிடம் இருக்கிற பொருளைத் திறந்தால் என்ன இருக்கும்? பித்தளைப் பெட்டி அவள் வீட்டில் கிடையாது. இடுப்பில் சுருக்குப் பை உண்டு. அதற்குள் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, கொஞ்சம் சில்லறை, நாலாக மடித்த கிஸ்தி ரசீது. அரை ஏக்கருக்குத் தீர்வை கட்டிய ரசீது அது. நிலம் யாருடையது என்பதற்குச் சாட்சி அந்தக் காகிதம்தான். அதில் பட்டாதாரர் பெயராகக் கருப்பணன் என்று எழுதியிருக்கிறது. அவள் வாயால் சொல்லாத பெயர் அவள் இடுப்பில் இருக்கிறது. இதை டீச்சர் நாவலில் எங்கும் விளக்கவில்லை, விளக்கவும் கூடாது.

முளைப்பாரிக்கு அதிக நேரம் எடுத்தது. பிரதியில், திண்ணையில் வெயில் படும்படி வரிசையாக வைத்த பானைகளில் முளைப்பாரி ‘பச்சைப் பசேலென்று’ வளர்ந்திருந்தது, நம்பிக்கையின் அடையாளமாக. டீச்சர் அந்தப் பக்கத்தை, வருடா வருடம் ஊர் முளைப்பாரியை வளர்த்துக் கொடுக்கிற ஒரு வயதான பெண்ணிடம் வாசித்துக் காட்டினார். அவர் இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார்.

“என்னத்தா டீச்சரு, வெளிய வச்சிருக்க?”

“வெயில் வேணாமா அப்பத்தா?”

“வெயிலு பட்டா கட்டையாப் போயிரும்த்தா. இருட்டுல இருந்தாத்தேன் ஒசந்து வரும். நெறமும் அப்பிடி வராது.”

அவர் சொன்னபடி எழுதுகிறேன். அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் வைக்கோல், அதன்மேல் பொடித்த காய்ந்த எரு. பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று ஊறவைத்த தானியத்தைக் காப்புக் கட்டிய அன்று தூவ வேண்டும். சட்டிகளை இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். விரதம் இருக்கிற பெண் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார், ஆம்பளை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. ராத்திரி வாசலில் கும்மி, குலவை. வெளிச்சம் படாமல் வளர்வதால் முளை வெளுத்த மஞ்சளாக, மெலிசாக, ஒரே உயரத்துக்கு ஏறி நிற்கும். திருவிழாவன்று முதல்முறையாக வெளியே வரும், தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைப்பார்கள். முளை நன்றாக வந்திருந்தால் அந்த வருடம் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்பார்கள்.

பச்சைப் பசேல் போனதோடு கதையும் மாறிவிட்டது. யாரும் உள்ளே வர முடியாத ஒரு அறை, அதில் மீனாட்சி மட்டும் போய்வருகிறாள். ரசீதைத் தேடிச் சின்னய்யாவின் ஆட்கள் தெருவுக்கு வருகிற இரவில் அது எங்கே இருக்கும்? மூன்றாவது சட்டிக்கு அடியில் இருக்கும். வந்தவர்கள் அடுப்படியைக் கலைத்தார்கள், கூரையைப் பிய்த்தார்கள், அந்தக் கதவின் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். சாமி குற்றம் ஆகிவிடும் என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. முதல் பிரதியில் வெறும் அலங்காரமாக இருந்த ஒன்று இப்போது ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்றுகிறது.

அழகர் ஆற்றில் இறங்குகிற காட்சியில் இரண்டு திருத்தம். 1958 சித்திரையில் அழகருக்காக வைகை அணையைத் திறந்துவிட்டதாக எழுதியிருந்தார். அணை திறப்பு விழாவே 1959-இல்தான். அந்த வருடம் ஆற்றில் வந்த தண்ணீரும் மணலும் மட்டும் வைத்துக் காட்சியைத் திருப்பி எழுதினார். அடுத்தது பட்டு. அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறாரோ அதை வைத்து அந்த வருடப் பலன் சொல்வது வழக்கம். பச்சை என்றால் நாடு செழிக்கும், சிவப்பு என்றால் கெடுதல் வரும் என்பார்கள். பஞ்ச வருடத்தில் பச்சைப் பட்டு உடுத்தி வருவதாக எழுதினால் நன்றாக இருக்கும் என்று டீச்சருக்கு ஆசை. வருடத்தைக் குறிப்பிட்டால், அன்று ஆற்றில் நின்ற பெரியவர்கள் இல்லையே என்பார்கள். அதனால் அந்த அத்தியாயத்தில் வருடம் எடுக்கப்பட்டது. வண்டிக்காரர் பச்சை என்று அடித்துச் சொல்கிறார், பெரியாத்தா மஞ்சள் என்கிறார். அந்தச் சண்டை எனக்கு நிஜமான திருவிழாப் பேச்சாகவே கேட்டது.

கீழடியையும் கொண்டுவர டீச்சருக்கு ஆசை இருந்தது. ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்த இடம், பக்கத்தில்தான் இருக்கிறது. சாதாரண ஆட்கள் தங்கள் பானையில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள் என்பது பெயர்களைப் பற்றிய நாவலுக்கு எவ்வளவு நெருக்கமான விஷயம்! ஆனால் கதை 1996-இல் முடிகிறது, அகழாய்வு தொடங்கியது அதற்கு ரொம்பப் பிந்தி. தென்னந்தோப்பில் ஓடு பொறுக்குகிற ஒரு சிறுவனாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஓட்டில் இருந்த மீன் குறிக்குக் கதைசொல்லி அர்த்தம் சொல்லியிருந்த வரியையும் எடுக்கச் சொன்னேன். ஓடுகளில் இருக்கிற கீறல் குறிகளின் பொருள் ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவாகவில்லை. சிறுவன் என்ன வேண்டுமானாலும் ஊகிக்கட்டும்.

படியானின் கதவு

கடைசி அத்தியாயம் அழகர்கோவிலில். பதினெட்டாம்படி கருப்பணசாமிக்கு அங்கே உருவம் கிடையாது. சாத்திய கதவுக்குத்தான் சந்தனமும் மாலையும். கதவுக்குப் பின்னால் பதினெட்டுப் படி. நேர்த்திக்கு அரிவாள் கொண்டுவந்து வைப்பார்கள். வழக்கில் பொய் சொன்னவனை அந்தக் கதவின் முன் சத்தியம் செய்யக் கூப்பிட்டால் பாதி வழியிலேயே ஒத்துக்கொண்டுவிடுவான் என்று சுற்று வட்டாரத்தில் பேச்சு உண்டு. மதுரைக்குப் புறப்படுகிற அழகரே இங்கே விடைபெற்றுக்கொண்டுதான் கிளம்புகிறார். முதல் பிரதியில் இந்த இடத்தில் ஒரு பெரிய கருப்பசாமி சிலை, கண்ணை உருட்டிக்கொண்டு, கையில் வீச்சரிவாளோடு நின்றது. ஊர் எல்லையில் இருக்கிற கருப்புக்கு அது சரி, இங்கே பொருந்தாது. இப்போது கதவு மட்டும் இருக்கிறது.

கருப்பணன் இறந்து வருடமாகிறது. அவர் நிலத்தை விற்றுவிட்டதாகப் பெரிய வீடு ஒரு பத்திரம் காட்டுகிறது. சத்தியம் செய்யட்டும் என்று மீனாட்சியைக் கதவுக்கு முன் நிறுத்துகிறார்கள். சத்தியம் செய்ய வேண்டுமானால் சாமி பெயரைச் சொல்லியாக வேண்டும். ஐம்பத்தேழு வயது வரை அவள் வாயில் வராத பெயர் அது. சொல்கிறாள்.

இங்கே எனக்கும் டீச்சருக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் சொல்வது எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நாவல் முழுக்க அடக்கி வைத்த பெயர் அது, வாசகர் அதற்காகக் காத்திருக்கிறார். டீச்சர் அவளைச் சுற்றி உடுக்கைச் சத்தத்தையும் பெண்களின் குலவையையும் வைத்துவிட்டார். பக்கத்தில் நிற்கிற யாழினிக்கு அப்பத்தாவின் உதடு அசைவது மட்டும் தெரிகிறது. சாமியைக் கூப்பிட்டாளா, தாத்தாவைக் கூப்பிட்டாளா என்று சிறுமிக்குத் தெரியவில்லை. “அவ இத்தனை வருஷம் பொத்தி வச்ச பேர ஊர்க்காரங்க கேக்கணும்னு ஏன் சார் நெனைக்கிறீங்க?” என்று டீச்சர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் அந்தப் பக்கத்தில் கை வைக்கவில்லை. அவர் எழுதியபடியே அச்சுக்குப் போயிருக்கிறது.